உன் அப்பாவின் மெதுநடை

மாமாங்கேஸ்வரர் துணை

திராய்மடு,
மட்டக்களப்பு.
2010 ஆவணி

அன்பு மகன் தனோஜனுக்கு,

அம்மா எழுதுறன். நானும் அப்பாவும் சுகமாத்தான் இருக்கிறம், சுகமில்லாட்டியும் அதை எழுதி உனக்கு என்ன வரப்போகுது. நீயும் குளிரில்லாத இந்த மாசங்களிலயாவது நேரத்துக்குச் சாப்பிட்டு, முதுகுநோ இல்லாம இருக்க அந்த மாமாங்கத்தான் பார்த்துக்கொள்ளட்டும். இஞ்ச மேற்கால வாற கச்சான் காத்து அடிச்சு எல்லாத்தையும் காயப்போட்டிருக்கு, கிணத்தில வாளி விட்டா சேறுதான் வருது, உடுப்புக் காயிறதுக்கு முதல் மனுசர் காஞ்சுபோறம். போன கிழமை நீ போனில சொன்னாய், உங்கட வேலையிடத்தில கோடைகாலத்துக்கெண்டு ஒரு வகுப்பு வைச்சு, எல்லாரையும் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சப்பாத்தைக் கழட்டிப் புல்லில மெதுவா நடக்க விடுறாங்க, ஒரு இலையைக் கையில தந்து அதை மட்டும் பார்க்கச் சொல்லுறாங்க, மனம் லேசாகுது, அம்மா நீங்களும் செய்து பாருங்க எண்டு. நான் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சதுக்குக் காரணம், அப்பா பக்கத்தில இருந்தவர். கதையே அவரைப் பற்றினது, அவருக்கு முன்னால கதைக்க ஏலாது, அதாலதான் பேனை எடுத்தன். மகன், வெள்ளைக்காரன் உனக்குச் சம்பளமும் தந்து படிப்பிக்கிறதை இஞ்ச எங்களுக்கும் ஒரு ஆள் வந்து படிப்பிச்சாச்சு.

சுனாமியில ஆக்களைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு எண்டு ஒரு நிறுவனம் வந்தது. முதல் வந்தவங்க கூடாரம் தந்தாங்க, மறுகா வந்தவங்க வீடு கட்டித் தந்தாங்க, பிறகு தையல் மெசின், கோழிக்குஞ்சு, நீச்சல் தெரியாத ஆக்களுக்கு வள்ளம், எல்லாம் முடிஞ்சு கடைசியா இப்பதான் எங்களுக்கு மனசு எண்டு ஒண்டு இருக்கிறது அவங்களுக்கு ஞாபகம் வந்திருக்கு. அஜந்தா எண்டு ஒரு பிள்ளை, வந்தாறுமூலைக் கம்பசில படிச்சிட்டு வெளிநாட்டிலயும் போய்ப் படிச்சு வந்தவ, நல்ல குணம், கதைக்கிறது மட்டும் சாமியறையில கதைக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அமிர்தகழிப் பக்கம் வாவிக்கரையில ஒரு வேப்பமரத்துக்குக் கீழ எங்களைக் கூட்டினா. காத்தான்குடியில இருந்து ஹவ்வா உம்மாவும் வருவா, அலையில மகள் றம்லாவைக் குடுத்தவ, முகாமில பக்கத்துப் பாயில கிடந்த நாளில இருந்து எனக்குக் கூட்டாளி. நாங்க ரெண்டுபேரும் ஒண்டா இருந்தா வகுப்பு உருப்படுமா எண்டு நீயே யோசிச்சுப் பார்.

முதல் வகுப்பு நடை. செருப்பைக் கழட்டி மணலில மெல்ல நடவுங்க, உள்ளங்காலில என்ன தெரியுது எண்டு மட்டும் கவனியுங்க எண்டா. ஆடிமாச வெயிலில அந்த மணலில என்ன தெரியும், சுட்ட சட்டி தெரியும். ஹவ்வா உம்மா ரெண்டு அடி வைச்சா, மூண்டாவது அடிக்குச் சீலையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினா, நான் அவவுக்குப் பின்னால. நிழலில நிண்டுகொண்டு நான் அஜந்தாவுக்குச் சொன்னன், பிள்ள, ஆமிக்காரன்ர சென்றிக்கு முன்னால சைக்கிளால இறங்கி, உருட்டிக்கொண்டு, அவன் கூப்பிடுவானோ விடுவானோ எண்டு மெல்ல மெல்ல நடந்து நாங்க கிழவியானனாங்க, அதெல்லாம் தியானம் எண்டு முதலே தெரிஞ்சிருந்தா இப்ப ஞானி ஆகியிருப்பம் எண்டு. அவ கோபிக்கேல்ல, சிரிச்சா. அடுத்த கிழமை கண்ணை மூடிக்கொண்டு சுத்திவரக் கேட்கிற சத்தங்களைக் கவனிக்கச் சொன்னா. சண்டை முடிஞ்சு ஒரு வருசம் ஆகுதுதான், எண்டாலும் எங்கட ஊரில வெட்டவெளியில கண்ணை மூடிக்கொண்டு இருக்க ஆர் துணிவாங்க, எல்லாரும் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இருந்தம். கேட்ட சத்தம், மாமாங்கத் திருவிழாவுக்குக் கட்டின ஸ்பீக்கரில ஒருவன் காணாமப்போன குழந்தையின்ர பெயரையும் ஐஸ்கிறீம் கடை விளம்பரத்தையும் மாறி மாறிச் சொன்னதுதான். உன் அப்பா மட்டும் ரெண்டு கண்ணையும் மூடி அசையாம இருந்தார். அஜந்தா எங்களைப் பார்த்து மெல்லமா, ஐயாவைப் பாருங்க, எவ்வளவு ஆழத்துக்குப் போயிட்டார் எண்டா. அப்பதான் குறட்டை வந்தது. வத்தகப்பழம் தந்து ஒரு துண்டை மணந்து பார்த்து, நாக்கில வைச்சு, மெதுவாச் சப்பி விழுங்கச் சொன்ன அண்டைக்கு ஹவ்வா உம்மா தன்ர துண்டை முடிச்சு என்ர துண்டையும் முடிச்சுப்போட்டு, அல்லாட காவலா இது நல்ல பாடம் பிள்ள, இன்னொருக்கா நடத்துங்க எண்டா.

இப்ப அப்பாவுக்கு வாறன். உன்ர தங்கச்சி அலையோட போனபிறகு அவர் கடலைப் பார்க்கிறேல்ல எண்டு உனக்குத் தெரியும், எவ்வளவுக்கு எண்டு தெரியாது. நாங்க செங்கலடிக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்த நேரம்தானே நாவலடிக் கடற்கரையில வீட்டோட தக்ஷாயினியும் போனாள், சோதினைக்குப் படிக்கவேணும் எண்டு வராம நிண்ட பிள்ளை. உடம்பும் கிடைக்கேல்ல. அதுக்குப் பிறகு உன் அப்பா, பிறந்ததில இருந்து தண்ணியில கிடந்த மனுசன், சந்தியில புளியமரத்துக்குக் கீழ சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டு இருக்கிறார். ரியூபில ஓட்டை பார்க்க ஒரு பேசினில தண்ணி வைக்கவேணும், அந்தப் பேசினைக்கூட முதுகுக்குப் பின்னால வைச்சிருந்தவர். கல்லடிப் பாலத்தால பஸ் போகேக்க கண்ணை மூடிக்கொள்ளுவார், பாலம் முடிஞ்சிட்டுது எண்டு நான் கையில தட்டவேணும். ஒருக்கா எனக்குக் கோபம், தட்டாம விட்டிட்டன், ஆரையம்பதி மட்டும் மூடினபடி வந்தார். வாவிக்கரை வகுப்பிலயும் அவர் மரத்துக்கு மற்றப்பக்கம், தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தவர். அஜந்தா ஒரு நாளும் திரும்பி இருங்க எண்டு சொல்லேல்ல. வகுப்பு முடிய ஒருக்கா அவரோட தனிய நிண்டு ஏதோ கதைச்சா, என்ன கதை எண்டு கேட்டதுக்கு, காலைப் பற்றி எண்டார். வாதமோ எண்டு நினைச்சு நான் எண்ணெய் காய்ச்சிக் குடுத்தன், அதையும் பூசிக்கொண்டார்.

அதுக்குப் பிறகு மனுசன் பின்னேரங்களில காணாமப்போகத் தொடங்கினார். சாமான் வாங்கச் செங்கலடிக்குப் போறன் எண்டு போவார், சாமானும் இல்லாம வெறுங்கையோட வருவார், சாரன்கரை எல்லாம் மணல். சாராயம் எண்டா வாய் மணக்கும், மணக்கேல்ல. இந்த வயசில வேற தொடுப்போ எண்டும் யோசிச்சன், அந்தப் பல்லை வைச்சுக்கொண்டு ஆரைப் பிடிப்பார் எண்டு நானே ஆறுதலும் பட்டன். அப்பதான் ஹவ்வா உம்மாட தம்பி உசனார், ஓட்டோ ஓடுறவர், என்னைக் கண்டு சொன்னார், அக்கா, மச்சான் சைக்கிளில கல்லடிப் பாலத்தால போறார், நான் ஹோர்ன் அடிச்சன், திரும்பியும் பார்க்கேல்ல எண்டு. கண்ணை மூடினபடியோ எண்டு கேட்டன், இல்ல கா, கண் முழியா முழிச்சிருந்தது எண்டார். ஒரு தகப்பன் கடலைத் தேடித் தனியப் போனா வேற என்னத்தை நினைக்கிறது. அடுத்த நாள் அவர் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில நானும் ஹவ்வா உம்மாவும் உசனார்ட ஓட்டோவில ஏறினம். அவர் மெதுவா மிதிக்க, அவர் காணாம நாங்கள் பின்னால நிண்டு நிண்டு போக, ஓட்டோ எஞ்சின் ரெண்டுதரம் நிண்டு, ஹவ்வா உம்மா ஓதத் தொடங்கி, பின்னால வந்த பஸ்காரன் எங்களுக்குத் தூசணத்தால ஏசி, அப்பிடி ஒரு ஊர்வலம்.

நாவலடியில எங்கட வளவில இப்ப கிணத்துக்கட்டு மட்டும்தான் மிச்சம், மற்றதெல்லாம் அடம்பன்கொடி. கிணத்துக்கட்டில சைக்கிள் சாத்திக் கிடந்தது, ஆள் இல்லை. நான் கத்துறதுக்கு வாயைத் திறந்திட்டன். அப்ப கண்டன், கிணத்தடிக்கு அங்கால, வெறும் மணலில, சாரனை மடிச்சுக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிஞ்சு தன்ர காலைப் பார்த்தபடி ஒரு அடி வைக்கிறார். நிக்கிறார். கனநேரம் நிண்டு மற்ற அடி வைக்கிறார். வேப்பமரத்தடியில நாங்க பகிடி பண்ணின அதே நடை. கிட்டப் போனன். திரும்பாமலே, நீயோ எண்டு கேட்டார், ஓம் எண்டன். எங்க போறீங்க எண்டு கேட்டன். ஒரு இடமும் போகேல்ல, இந்தக் காலை வைக்கிறன், அவ்வளவுதான் எண்டார். பிறகு சொன்னார், கடலைப் பார்க்கத் தேவையில்ல ஐயா, கால் வைக்கிற இடத்தை மட்டும் பாருங்க, ஏலாட்டி அந்த இடத்திலயே திரும்புங்க எண்டு அந்தப் பிள்ளை சொன்னது, முதல் நாள் பாலத்தடியோட திரும்பிட்டன், மறுகா கோயிலடி மட்டும் வந்தன், கிணத்தைத் தாண்டுறது இண்டைக்குத்தான் எண்டு. சாகப்போறாரோ எண்டு ஓடிவந்த எனக்கு அவருக்கு அறைய வேணும்போலயும் இருந்தது, காலில விழவேணும்போலயும் இருந்தது. ரெண்டையும் செய்யேல்ல. செய்ய ஏலாது, ஏனெண்டா என்ர கால் எழும்பேல்ல. நான் நிண்டது எங்கட குசினி, அடுப்படி இருந்த இடம். அவர் பயப்பிடுறார், அவர் பார்க்கமாட்டார் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவள், எனக்கும் அதுக்கு அங்கால போக ஏலாது எண்டு அப்பதான் தெரியுது. அவர் திரும்பிப் பார்த்தார், கையை நீட்டினார், உன்ர காலைப் பார் எண்டார், பார்த்தன், வெடிச்ச குதிக்காலும் பித்தளை மிஞ்சியும். ஒரு அடி. நிண்டு இன்னொரு அடி. ஆரும் கண்டிருந்தா ரெண்டு கிழடும் சக்கரை வியாதிக்காரர் எண்டு நினைச்சிருப்பாங்க. அப்பிடியே போகப்போக மணல் ஈரமாச்சு, ஒரு அலை வந்து கணுக்காலை நனைச்சுது.

அமைதி வரும் எண்டுதான் அஜந்தா சொல்லித் தந்தவ. எனக்கு வந்தது வேற. நிமிர்ந்து கடலைப் பார்த்து ஏசத் தொடங்கினன். நாசமாப் போவாளே, இவ்வளவு தண்ணியை வைச்சுக்கொண்டு உனக்கு என்ர பிள்ளையும் வேணுமா எண்டன். அவள் கிணத்தில ஒரு வாளி அள்ளவும் சோம்பிப் பஞ்சிப்படுகிறவள், அவளைக் கொண்டுபோய் என்ன வேலை வாங்கினாய் எண்டன். அதுக்குப் பிறகு ஏசினதெல்லாம் கடிதத்தில எழுத ஏலாது, எனக்கு அவ்வளவு தெரியும் எண்டு எனக்கே தெரியாது. ஓட்டோவில இருந்த ஹவ்வா உம்மாவும் இறங்கி வந்தா, என்ர மகள் றம்லாவுக்குப் பதில் சொல்லு எண்டு மணலை அள்ளி அள்ளிக் கடலுக்கு எறிஞ்சா, காத்து அவ்வளவையும் எங்கட முகத்துக்கே கொண்டுவந்து போட்டுது. உசனார் பாவம், ஒழுங்கா இருந்த ரயரைக் குனிஞ்சு பார்த்துக்கொண்டு நிண்டார். உன் அப்பா என்ர கையைப் பிடிச்சபடி கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டார் மகன், நேரே, கண்ணை விரிச்சு. பிறகு மெல்லமா, அவள் பஞ்சிக்காரிதான் எண்டார். சொல்லிச் சிரிச்சார், சிரிச்சு அழுதார். எங்கட வீட்டில அவளின்ர கதை எடுத்து அவர் சிரிச்சது அலைக்குப் பிறகு அண்டைக்குத்தான். வரும்போது கல்லடியில தேத்தண்ணி குடிச்சம், அவர் என்ர வடையையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அஜந்தாவுக்குச் சொன்னன், அவ கவலைப்படுவா எண்டு பயம், படிப்பிச்சது ஒண்டு நாங்க செய்தது ஒண்டுதானே. ஏசேக்க உங்கட மூச்சைக் கவனிச்சீங்களோ எண்டு கேட்டா, மூச்சு மிச்சமிருந்தாத்தானே கவனிக்கிறதுக்கு எண்டன். சிரிச்சா, பிறகு கண் கலங்கிச்சுது, அடுத்த முறை நானும் வரலாமோ எண்டா. அவ பறிகுடுத்த ஆள் ஆர் எண்டு நான் கேட்கேல்ல, எல்லாருக்கும் அப்பிடி ஒரு ஆள் இருக்கும்தானே. இப்ப வெயில் தாழ நாங்க எல்லாரும் ஒண்டாப் போறம். சில நாள் ஏசுறம், சில நாள் கச்சான் கடலை வாங்கிக் கொறிச்சுக்கொண்டு சும்மா இருக்கிறம். அப்பா இன்னும் தோணியில ஏறேல்ல, ஏறுவார் எண்டும் நான் சொல்லேல்ல. முந்தநாள் முழங்கால் அளவுக்கு இறங்கினார், ஒரு நண்டு கடிச்சுப்போட்டுது, அதை ஏசிக்கொண்டு ஏறிவந்தார்.

மகன், உனக்குப் புத்தி சொல்ல எழுதேல்ல. தங்கச்சியின்ர கிரியை அலுவல் நடக்கேக்க உனக்கு விசா இல்லை, வர ஏலாது, அங்க தனிய என்ன செய்தாய் எண்டு நீயும் சொல்லேல்ல, நாங்களும் கேட்கேல்ல. இப்பதான் அங்க நிரந்தரமா இருக்கிறதுக்குக் காட் கிடைச்சிருக்கே, லீவு எடுத்துக்கொண்டு வா. வர முதல் உன் அப்பாவோட போனில நான் எழுதினதைக் கதைச்சுப்போடாத, அவராச் சொல்லட்டும். குளிர் மாத்திரையை வெறும் வயித்தில போடாத, முதுகுக்கு நல்லெண்ணெய் பூசு, தலைக்கு எண்ணெய் வைக்க வெட்கப்படாத. பிள்ளையார் உன்னை ஒரு குறையும் இல்லாம வைச்சிருக்கட்டும், உனக்கு நல்ல இடத்தில ஒரு பொம்பிளை அமையட்டும், அவளுக்குப் பஞ்சி இருந்தாலும் பரவாயில்லை. உங்கட ஊர் ஏரியைப் பார்த்து மட்டும் ஏசிப்போடாத, பொலிசைக் கூப்பிடுவாங்க, அதோட அது ஒரு குற்றமும் செய்யேல்ல. இஞ்ச வந்து ஏசு மனே. நாங்க பக்கத்தில நிப்பம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
ந. அன்னப்பூரணி