காரைக்குடியில் செய்த லேத்

அண்ணே,

விடியலில் பெய்த மழையில் பட்டறை வாசலில் கிடந்த இரும்பெல்லாம் நனைந்து, துரு வாடை மூக்கில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. உங்களோடு பேசலாம் என்று இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் ஊரே தண்ணீர் இறைக்கும் பம்பு கேட்டது. அதைச் செய்து விற்றிருந்தால் நாமும் நிம்மதியாக இருந்திருப்போம். நீங்கள் கேட்கவில்லை. "பம்பு செஞ்சா பம்போட போச்சுடா. பம்பு செய்யிற மெஷினச் செஞ்சாத்தான் நாடு நிமிரும்" என்றீர்கள். நாடு நிமிர்வது இருக்கட்டும், வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்று எனக்கு எரிச்சல்.

இரும்பு கடையும் லேத் செய்ய முடிவெடுத்தீர்கள். அதன் அடிப்பாகத்தைக் கோயம்புத்தூரில் வார்த்துக் கொண்டுவந்து கொல்லையில் போட்டீர்கள். புது வார்ப்புக்குள் முறுக்கு இருக்கும், வெயிலும் மழையும் பட்டு அது அடங்கிய பிறகே கை வைக்க வேண்டும் என்பீர்கள். சிங்கம்புணரியில் கயிற்றுத் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர், தன் மெஷின்களுக்கு உதிரிபாகம் கடைய அந்த லேத்துக்காகக் காத்திருந்தார்.

போகியன்று அண்ணி கொல்லையைச் சுத்தம் செய்தார். துருவேறிக் கிடந்த வார்ப்பைப் பழைய இரும்பு வியாபாரியின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். நாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது வியாபாரி அதைச் சம்மட்டியால் உடைத்துப் போட்டிருந்தார்.

"கெடந்த கெடப்பப் பாத்துக் கழிவுன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா நீக?" என்று அண்ணி அழுதார். நீங்கள் ஒரு சொல் கடியவில்லை.

கயிற்றுத் தொழிற்சாலைக்காரர் வந்தார். "புதுசா வாத்து ஒடனே செஞ்சு குடுங்களேன், என்ன கெட்டுப்போச்சு?"

"பச்சை வார்ப்பு பின்னால வளஞ்சுபோகும். வளையிற மெஷின ஒங்களுக்கு எப்பிடிக் குடுக்க?" என்றீர்கள்.

அவர் மதுரைக்குப் போய்ப் பழைய சீமை லேத் ஒன்றை வாங்கிவிட்டார்.

இரண்டாவது வார்ப்பையும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டுவைத்தீர்கள். லேத் முடிந்தது. வாங்க ஆள் வரவில்லை. தேக்கு பர்மாவிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து என்று வரவழைத்தே வீடு கட்டிப் பழகிப்போன ஊர் இது. சீமைப் பெயரில் ஒரு தகடு அடித்தால் விற்றுத் தருவதாகத் தரகர் சொன்னார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். சரியாக இருந்து என்னத்தைக் கண்டோம் என்று இன்றும் உங்கள் மேல் கோபம் வருகிறது. கோபப்பட்டுக் களைத்தும் போய்விட்டேன். அந்த லேத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அது இன்றுவரை இம்மியும் வளையவில்லை.

வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு எந்த நாட்டு மெஷின் என்று கேட்கிறார்கள். காரைக்குடி என்கிறேன். சிரிக்கிறார்கள். அலுத்துவிட்டது அண்ணே. ஆனாலும் காரைக்குடி என்றுதான் மறுபடியும் சொல்கிறேன்.