பன்றிக்குப் போட்ட கம்பி

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கிளம்பச் சேலை தேய்த்துக்கொண்டிருந்தேன். அயர்ன்பாக்ஸ் வயர் தீய்ந்தது. அந்த வாடையில் உன் கைதான் கண்முன் வந்தது. சுவிட்சை அணைத்து, அயர்ன்பாக்ஸைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

துருவ ஒளியை யாராவது அழகு என்றால் உனக்குப் பொறுக்காது. "ஏட்டி, கீழ நிக்கிறவனுக்குத்தான் அது வெளிச்சம். மேல அம்புட்டும் அடிதடி" என்பாய். அந்த ஒளிக்கு மேலே மின்புலம் எலெக்ட்ரான்களைக் கீழே விரட்டுகிறது. அவை காற்றில் மோதும்போதுதான் வெளிச்சம். செயற்கைக்கோள் நீளக் கம்பிகளை நீட்டிக்கொண்டு அங்கே பறந்து, நுனிக்கு நுனி எத்தனை வோல்ட் என்று அளந்து அனுப்பும். கிருஷ்ணன்கோவில் பல்கலைக்கழகத்தில் அந்த அளவுகளை வைத்துத்தான் தோழிகள் நாம் இருவரும் ஆராய்ச்சி செய்தோம்.

சோழபுரத்தில் உன் சித்தப்பா பத்திரத்தில் புல எண் பார்த்தே பழகியவர். மின்புலம் என்றதும் கரண்டு விட்ட வயல் என்றே எடுத்துக்கொண்டார். "மக்காச்சோளத்துல பன்னி இறங்குது. கம்பியில எம்புட்டு விட்டா பன்னி மட்டும் சாவும்?" என்று உன்னிடமே கேட்டார்.

"பன்னி யாரு, மனுசன் யாருன்னு கம்பிக்குத் தெரியாது சித்தப்பா."

அவர் கேட்கவில்லை. லைனில் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்டு இழுத்தார். கொக்கியைத் தட்டிவிட்டு வேலிக்கம்புகளைப் பிடுங்கி எறிந்தாய். உதடு கிழிய அறைந்தார். ரத்தத்தைத் துப்பிவிட்டு, "திரும்பப் போட்டா திரும்பப் பிடுங்குவேன்" என்றாய்.

மறுபடியும் போட்டார். ஒரு நாள் காலை எனக்குப் போன் செய்தாய். "சித்தப்பா கொக்கியக் கழட்டிட்டேன்னு சொல்லிட்டாரு. கம்பியச் சுருட்டிப் போட்டுட்டு வாரேன்."

அவர் கழற்றவில்லை.

வாய்க்கால் கரையில் உன்னைக் கிடத்தி, பாம்பு கடித்தது என்றார்கள். மூடியிருந்த உன் விரல்களை விரித்தேன். கம்பி எலும்புவரை எரித்திருந்தது. உன் சித்தப்பாவின் குரல்வளையைப் பிடித்தேன். கொன்றிருப்பேன், உன் அப்பாதான் என் கையைப் பிரித்தார்.

உன் அப்பா இன்று காலையும் வந்தார். கும்பிட்டுக்கொண்டே நின்றார். "போனவ போயிட்டா. என் தம்பி செயிலுக்குப் போகணுமா? போன் வரலைன்னு சொல்லிரு தாயி."

கதவைச் சாத்தினேன். உன் அப்பா என்பதால் கை ஓங்கவில்லை.

சேலையைப் பாதிதான் தேய்த்திருக்கிறேன். அப்படியே கட்டிக்கொண்டு போகிறேன். நம் ஊரில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. நீயும் வாரேன் என்றுதான் சொன்னாய். அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். இன்று கூண்டேறி, நீ சொன்னதை நீ சொன்னபடியே சொல்வேன்.