திரைக்கு அடியில் ஷூ

தம்பி,

நானாக முதலில் பேசப்போவதில்லை, அதனால்தான் சீட்டு. சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

சண்டை போட்டு வெளியூர் போய் நாலு நாள் முறைத்துவிட்டு, இன்று திரும்பி வந்து ஹால் திரைக்கு அடியில் ஷூ தெரிய ஒளிந்து நிற்கிறாய். சின்ன வயசிலிருந்து இந்தக் கூத்துக்கு நம் இருவரைத் தவிர யாரும் சிரித்ததில்லை. நான் சிரித்துத் தொலைத்தேன். திரைக்குப் பின்னால் நீயும் குலுங்கிச் சிரித்தாய். என் கோபம் போய்விட்டது. நின்றது போதும், சாப்பிடு. நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

பி.கு. கதவைப் பூட்டும்போது நீ வந்த பஸ்ஸின் கண்டக்டர் உன் பையைக் கொண்டுவந்தார். “ரெண்டு நாளா வண்டி வழியிலேயே நின்னு கிடந்துச்சும்மா. தம்பி இப்பதான் டிப்போல இறங்கினான், பையை மறந்துட்டான்; உள்ள இந்த விலாசம் இருந்துச்சு.”

போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. சீட்டை வெளிக்கதவில் ஒட்டியிருக்கிறேன். பூட்டைத் திறக்காதே, நேராக என் ஆபீசுக்கு வா.

உள்ளே இன்னும் சிரிப்பு நிற்கவில்லை.

அக்கா