கெல்லர் குழாயின் வால்வு

2 மாசி 2006, வியாழன்

மைனஸ் எட்டு. பனி இல்லை, வெறும் குளிர். வீட்டுக்கு அடியில் இருக்கும் கெல்லர் அறையில், நிலத்தில் ஈரம். குனிந்து பார்த்தால் சுடுதண்ணீர்த் தாங்கியின் அடி துருப்பிடித்துச் சொட்டுகிறது. வாளி வைத்தேன். நாசமாய்ப் போன தாங்கி, இதற்கு வேறு மாதம் கிடைக்கவில்லை.

பின்னேரம் குழாய்க்காரர். ஜெர்மன்காரர், வயதானவர், கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினார். புதுத் தாங்கிதான். திங்கள் வருவாராம். ஒரு வால்வுகூட இல்லாமல் யார் இதைப் பூட்டினது என்று கேட்டார். பூட்டினது இவர்தான், என் கணவர், வீடு வாங்கின புதிதில், ஒரு சிநேகிதனோடு சேர்ந்து. வீட்டைச் சூடாக்கும் ஹைசுங்கும் இந்தத் தாங்கியோடுதான், வால்வு இல்லாததால் அந்தத் தண்ணீர் முழுவதையும் வடிக்கவேண்டும். அன்றைக்கு வேலை முடியும்வரை அறைகளில் சூடு இல்லை. மேலே கட்டிலில் இவர்! இரத்தப் புற்று. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. ஆஸ்பத்திரியில் இனி மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது இன்னொன்று. தாங்கியிலிருந்து பின்கதவுப் பக்கம் போகும் நீளக் குழாய் என்னத்துக்கு என்றார். பாவிக்காமல் தண்ணீர் நின்றால் கிருமி வளரும், ஆவியோடு நெஞ்சுக்குள் போகும், நோயாளி உள்ள வீட்டில் அதை வெட்டிவிடுவது நல்லதாம். தோட்டத்துச் சப்பாத்துக் கழுவ என்று பொய் சொன்னேன். செத்தவீட்டுக்குப் போய்வந்து முழுகுகிற இடம் என்று அந்த மனிசனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

3 மாசி, வெள்ளி

முதியோர் இல்லச் சமையலறைக்கு லீவு சொன்னேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வாங்க: சிவப்பரிசி, தேசிக்காய், பேப்பர் துவாய். மின்சார ஹீட்டர் மச்சாளிடம், இவருடைய அக்காவிடம், இருக்கிறது. தரமாட்டேன் என்று சொல்லமாட்டா.

தாங்கி விஷயத்தை இவருக்குச் சொன்னேன். கண் வெளித்தது. கடதாசி கேட்டார். பழைய மெஷின் வேலைக்காரன் அல்லவா. படுத்தபடியே படம் கீறினார். குளிர்த்தண்ணீர் வரும் வழியில் ஒரு வால்வு. அதற்கும் தாங்கிக்கும் நடுவே பாதுகாப்பு வால்வு, அதற்குப் பிறகு தாங்கி வரைக்கும் தண்ணீரை அடைக்கிற சாமான் எதுவும் வரக்கூடாதாம், வந்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். ஹைசுங் குழாய் இரண்டிலும் ஒவ்வொன்று, அடுத்தமுறை வீடு குளிராது. அடியில் வடிக்க ஒன்று. அப்போதே இப்படிப் பூட்டியிருக்கலாமே என்றேன். அப்போது மூளை இல்லை என்றார். சிரிப்பு, பிறகு இருமல்.

கஞ்சி அரைக் கோப்பை குடித்தார். இந்தக் கிழமையில் இதுதான் நல்ல நாள்.

5 மாசி, ஞாயிறு

மச்சாள் ஹீட்டரோடு வந்தா. பின்கதவுப் பக்கத்துக் கெல்லர் குழாயை வெட்டப்போகிறேன் என்றேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தக் குளிப்பிடம் தெரியும். எரித்துவிட்டு வந்தால் பின்கதவால் இறங்கி, முழுகி, உடுப்பை மெஷினுக்குள் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறலாம். இவர் அதற்கென்றே கட்டினது. பக்கத்துத் தெருச் சனமும் இங்கேதான் முழுகிவிட்டுப் போகும். போன வருடம் ஒரே ஒரு தரம்தான் பாவித்தோம்.

மச்சாள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "வெட்டாதை பிள்ளை. பிறகு தேவைப்படும்."

"ஆருக்கு மச்சாள்?" என்றேன்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கோப்பையைச் சுவரில் எறிந்திருப்பேன். அவ அழுதா. நான் அழவில்லை. கட்டாயம் வெட்டுவேன்.

6 மாசி, திங்கள்

காலையிலேயே ஹைசுங் நின்றுவிட்டது. இவருக்கு மூன்று போர்வை, கம்பளித் தொப்பி. மூக்கு மட்டும் வெளியே. குழாய்க்காரர் இவருடைய கடதாசியைப் பார்த்துவிட்டு, சரி, இப்படியே பூட்டலாம் என்றார். கெல்லர் குழாயைக் கேட்டார். வெட்டுங்கள் என்றேன்.

மேலே தடியால் நிலத்தில் இடி. ஓடினேன். படிவழியே என் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"வெட்டவேண்டாம் எண்டு சொல்லும்."

கிருமி என்றேன். உங்களுக்குத்தானே ஆபத்து என்றேன். சத்தம் போட்டும் சொன்னேன்.

"தாங்கியோடை ஒட்டினபடி ஒரு வால்வு. அதுக்கு அங்காலை வடிக்க ஒரு பைப். இப்ப பூட்டி, தண்ணியை வடிச்சுக் காயவிட்டால் கிருமி வராது." மூச்சு வாங்கினார். "குளிருக்கை சனம் நடுங்கிக்கொண்டு வரும். பச்சைத்தண்ணியிலை முழுக ஏலாது."

தன்னுடைய செத்தவீட்டைப் பற்றி, யாரோ வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் போடுவது மாதிரிப் பேசுகிறார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே போய் வால்வு போடச் சொன்னேன். சப்பாத்துக் கழுவவா என்றார் குழாய்க்காரர். இந்தமுறை உண்மையைச் சொன்னேன். என் ஜெர்மன் எப்போதும் இடறும், இன்றைக்கு இடறவில்லை. அவர் வாசலில் நின்ற தன் வான் வண்டிக்குப் போய் இன்னொரு வால்வு எடுத்துவந்தார்.

வீடு சூடாக இரவாகிவிட்டது. இவருக்குக் காய்ச்சல் இல்லை. மூன்று தரம் பார்த்தேன்.

8 மாசி, புதன்

மழை. தாங்கி அறுபது பாகையில் நிற்கிறது. சொட்டவில்லை. வாளியைக் கழுவி வைத்தேன்.

இவர் பேசுவது குறைந்துவிட்டது. கஞ்சி வேண்டாம், தேசிக்காய்த் தண்ணீர் மட்டும். மத்தியானம் கூப்பிட்டு வால்வைப் பற்றிச் சொல்லச் சொன்னார், சின்னப்பிள்ளையிடம் பாடம் கேட்பது மாதிரி. கைபிடி குறுக்கே நின்றால் பூட்டு. குழாயோடு நீட்டாக நின்றால் திறப்பு. முதலில் வடிகுழாயைப் பூட்டவேண்டும்.

"திறந்தவுடனை ஒருத்தரையும் விடாதையும். சன்னலைத் திறந்துபோட்டு, நல்ல கொதியாய்க் கொஞ்ச நேரம் ஓடவிடும். பிறகு கூப்பிடும்."

மச்சாள் செய்வா என்றேன்.

"அவ மறந்துபோவா. நீர்தான் செய்யவேணும்."

கண்ணை மூடினார். நித்திரை என்று நினைத்து எழும்பினேன்.

"முதல்லை நீர் முழுகும். சனத்துக்கு விட்டிட்டுக் கடைசியிலை நில்லாதையும். உமக்குக் கெதியாய்த் தடிமன் பிடிக்கும்."

ஓம் என்றேன்.