கம்புத் தாத்தா

செப். 27, வெள்ளி

காலையில் வெயில், இரண்டு மணிக்குப் பிறகு மழை. தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் (இனி பி.கா., முழுசாக எழுதக் கை வலிக்கிறது) கூரை ஒழுகுகிறது. தொட்டிலுக்குப் பக்கத்தில் சட்டி வைத்தேன்.

காந்தி ஜெயந்திக்குப் பிள்ளைகளைப் பழக்க ஆரம்பித்தாயிற்று. இந்தியாவில் அன்று நாடு முழுக்க லீவாம். எங்களுக்கு லீவு இல்லை, காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போகலாம் என்று தொரை சொல்லியிருக்கிறார். அதுவே பெரிய காரியம். "காந்தி தாத்தா என்னா சொன்னாரு?" என்று நான் கேட்க வேண்டும். "யாரையும் அடிக்கக் கூடாது" என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுக்கும்போதே இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாங்க வேண்டியவை:
– மாலைக்கு நூல்
– கற்பூரம்
– இவருக்குப் போன் கார்ட் (கொழும்பில் இருக்கிற மனுஷனுக்குத் தானாகக் கூப்பிடத் தெரியாது)
– வசந்திக்கு நீலக் கண்ணாடி வளையல்

சாயங்காலம் பி.கா.வைப் பூட்டும்போது பார்த்தால், முன்னால் நிற்கும் காந்தி சிலையின் கையில் கம்பு இல்லை. காலையில் இருந்ததா என்றும் ஞாபகம் இல்லை. வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. அதைக் கட்டிய மேஸ்திரி அதுவரை முனியாண்டி மட்டுமே கட்டியவராம். கண் இரண்டும் பிதுங்கி நிற்கும். மீசையும் வைத்து, பிறகு தொழிற்சங்கத் தலைவர் சத்தம் போட்டதால் சுரண்டினாராம், தடம் இன்னும் இருக்கிறது. அரிவாள் செருகப் பழகிய கையல்லவா, இதற்கும் முஷ்டியில் ஓட்டை விட்டுவிட்டார். வருஷா வருஷம் ஜெயந்தியன்று அந்த ஓட்டையில் புதுக் காப்பிக் கம்பு செருகுவது அப்படி வந்த வழக்கம். வெள்ளிக்கிழமையில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களும் உண்டு. ஒருமுறை யாரோ சேவல் நேர்ந்துகொண்டு வர, தலைவர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்து தடுத்தார்.

லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இருட்டியதும் பக்கத்து வீட்டில் ரேடியோ பெரிய சத்தம். சுவரில் டொக், டொக். எலி என்று நினைத்துக்கொண்டேன்.

செப். 28, சனி

அரைநாள். கம்பு திரும்பச் சிலையின் கையில்! ஈரம் கூட இல்லை. ராத்திரி பூரா மழை.

ரப்பர்ப் பால் நிறுக்கிற இடத்தில் இதுதான் பேச்சு. தலைவர் கேலியாகச் சொன்னாராம், "தாத்தா ரவுண்டு போய்ட்டு வந்திருப்பாரு." யாரும் சிரிக்கவில்லையாம்.

பக்கத்து வீட்டு வசந்தியின் மகள் கவிஷா இன்று சிலையைத் தாண்டி வர மாட்டேன் என்று தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி, சேற்றில் சுற்றி வந்தாள். நாலு வயது. போன வாரம் வரை அந்தப் பீடத்தில் ஏறி உட்கார்ந்து பிஸ்கட் தின்றவள். ஏன் என்று கேட்டேன். "கம்புத் தாத்தா பாக்குறாரு." கால் கழுவிவிட்டேன். நானும் திரும்பிப் பார்த்தேன். பார்க்கத்தான் செய்கிறார், அந்தக் கண்ணுக்கு வேறென்ன செய்யத் தெரியும்.

செப். 29, ஞாயிறு

யட்டியாந்தோட்டை டவுனுக்கு. பஸ்ஸில் நின்றே போனேன். வளையல் கடை நானா, "கண்ணாடி வளையல் இப்ப யாரு புள்ள போடுறா?" என்றார். கடைசியில் எங்கேயோ பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வசந்திக்கு நானே போட்டுவிட்டேன். மெலிந்த கை, சோப்புக் கூடத் தேவைப்படவில்லை. சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று. அவள் புருஷன் குமார் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேச்சு எழுதிக்கொண்டிருந்தான். இளைஞர் மன்றச் செயலாளர், ஜெயந்திப் பேச்சு எப்போதும் அவனுடையது. "அகிம்சைக்கு இன்னொரு சொல்லு சொல்லுங்கக்கா" என்றான். எனக்கு வரவில்லை. நல்ல பையன், வாயைத் திறந்தால் தேன்.

செப். 30, திங்கள்

மருத்துவ மாது மிஸ் வந்து பிள்ளைகளுக்கு நிறை பார்த்த நாள். கவிஷா நிறை குறைந்திருக்கிறாள். மிஸ் வசந்தியின் தோளைப் பார்த்துவிட்டாள். "மொக்கத உனே?" என்றாள், என்ன ஆயிற்று என்று.

"வெட்டுணா மிஸ்."

விழுந்துவிட்டேன் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். தினமும் கேட்கிற சொல்தான். இன்று அவள் வாயிலிருந்து தமிழாகக் காதில் விழுந்தது. மிஸ் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினாள். தன் நம்பரை மட்டும் என்னிடம் கொடுத்தாள்.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரம். கவிஷா தூங்காமல், ஈர்க்கு ஒன்றை வைத்துத் துணிப் பொம்மையை மெதுவாக அடித்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. வேலை செய்கிற மாதிரி.

"யாரும்மா அடிக்கிறது?"

"கம்புத் தாத்தா."

"எங்க?"

"எங்க வூட்ல. கரண்ட் போனா வருவாரு. நான் போர்வைக்குள்ள இருப்பேன். அம்மா சொன்னாங்க, அது அப்பா இல்ல, தாத்தான்னு."

உண்மையைச் சொன்னால் முதலில் நினைத்தது சிலையைத்தான். அந்தக் கண்ணை. சாயங்காலம் நானும் கானில் இறங்கிச் சுற்றி வந்தேன். இந்த வயதில்!

ஒக். 1, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். குமார் வந்து சிலைக்கு வெள்ளை அடித்தான். கண்ணுக்குக் கறுப்பு. இன்னும் பெரிதாகிவிட்டது. கம்பை உருவி எடுத்துப் போனான், வார்னிஷ் பூசவாம்.

அந்தி. இடி. கரண்ட் போய்விட்டது. விளக்கைத் தேடும்போதே சுவரில் டொக். பிறகு டொக். இடையில் குமாரின் குரல், பாட்டுப் பாடுகிற மாதிரி ஏற்றி இறக்கி. வேறு சத்தமே இல்லை. அழுகை இல்லை, கத்தல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். குமார் திறந்தான். சிரித்த முகம். கையில் காப்பிக் கம்பு.

"என்னாங்கக்கா, பயந்துட்டீங்களா? நாளைக்குப் பேச்சு பழகுறேன். சும்மா தாளத்துக்குத் தட்டுறது."

டோர்ச் வெளிச்சம் கம்பின் நுனியில் விழுந்தது. நுனி பிளந்திருந்தது. பிளவில் நீலமாக ஒரு துண்டு. வசந்தி உள்ளே சுவரோடு நின்றாள், கையைப் பின்னால் வைத்துக்கொண்டு. கட்டிலில் போர்வை ஒரு சின்ன மூட்டையாக இருந்தது.

"சரி தம்பி" என்று வந்துவிட்டேன்.

சரி தம்பி! அதைத்தான் சொன்னேன். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அதுதான் வந்தது. எலியும் இல்லை, முனியும் இல்லை.

ஒக். 2, புதன். ஜெயந்தி

வெயில். அமாவாசை வேறு, எல்லோரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். பிரட்டுக்கு முன்னால் லயமே சிலையைச் சுற்றி நின்றது. குமார் வெள்ளைச் சட்டை. புதுக் கம்பைத் தலைவர் கொடுக்க, ராத்திரியோடு சிலைக்குத் திரும்பியிருந்த பழையதை உருவி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் புதியதைச் செருகினான். நன்றாகப் பேசினான். ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னம், அது இது. பெண்கள் தலையாட்டினார்கள். வசந்தி முழுக்கைச் சட்டை போட்டு மூடிக்கொண்டு நின்றாள்.

பிறகு என் பிள்ளைகள். வரிசையாக. நான் கேட்டேன், "காந்தி தாத்தா என்னா சொன்னாரு?"

"யாரையும் அடிக்கக் கூடாது!" ஒவ்வொருவராக வந்து சொல்லிப் பூவைப் போட்டார்கள். கவிஷா கடைசி. வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற குரலில்:

"சத்தம் போடாத. பக்கத்து வூட்டு ஆயாம்மாவுக்குக் கேக்கும்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். குமார் புன்னகையை எடுக்கவில்லை. "புள்ளைக்கு மறந்துபோச்சு" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆயாம்மா நான்தானே.

முட்டி போட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பிடித்தேன்.

"கேட்டுச்சு கண்ணு. எனக்குக் கேட்டுச்சு. எல்லா நாளும் கேட்டுச்சு."

சத்தமாகத்தான் சொன்னேன். தலைவர் வரைக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்னேன். வசந்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் தூக்கப் போய், முழுக்கையைச் சுருட்டிப் பார்த்து, "ஐயோ" என்றாள். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வசந்தியும் பிள்ளையும் இன்று என் வீட்டில். பழைய கம்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நீலத் துண்டை எடுக்கவில்லை, மிஸ்ஸுக்குக் காட்ட வேண்டும்.

ஒக். 3, வியாழன்

செய்ய வேண்டியவை:
– மிஸ்ஸுக்குப் போன் (எடுத்தாயிற்று, சனிக்கிழமை அவளும் கூட வருகிறாள், பொலிஸில் பெண்கள் மேசைக்கு)
– வசந்தியின் ஐடி அவன் பெட்டியில். தலைவர் வாங்கித் தருவதாகச் சொன்னார். பார்ப்போம்.
– கவிஷாவுக்கு முட்டை

குமார் இன்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில்தான் இருக்கிறான், தனியாக. ரேடியோ இல்லை. பகல் முழுக்க மூன்று பேரும் மெதுவாகவே பேசினோம். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்.

அந்தி மழை. கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன்.

வெளியே சத்தம். பி.கா. பக்கமிருந்து லயத்து வாசல் வழியாக, சிமெண்டில் டொக், டொக் என்று. அவசரமே இல்லாமல். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பழைய கம்பு வைத்த இடத்தில் இருக்கிறது. புதியது சிலையின் கையில் அல்லவா.

எங்கள் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை, தாண்டிப் போயிற்று. அடுத்த வாசலில் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் குமார். "யாரு?"

டொக்.

"யாரது?" குரல் சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது. "அக்கா? அக்கா, கேக்குதா?"

கவிஷா போர்வையிலிருந்து தலையை வெளியே நீட்டி, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். நாங்கள் யாரும் சத்தம் போடவில்லை.