பக்கத்து வயலின் பச்சை

அன்புள்ள நைனாவுக்கு,

ஷாலினி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் கத்துவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் நலம். கோதாவரி கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறோம். போன வாரம் இடுப்பளவு சேற்றில் புதைந்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன். சுற்றிலும் செத்த மீன்கள் மிதந்தன, அதை விடுங்கள். வயல்களில் மிஞ்சும் யூரியா இங்கே வந்து சேர்கிறது. தண்ணீரில் பாசி மண்டி, மீன்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. வருடக்கணக்காகச் சொல்கிறோம், ஒருவரும் குறைக்கவில்லை.

தெலுங்கு தெரியும் என்று என்னைத்தான் பேச அனுப்புகிறார்கள். நேற்று ஒரு விவசாயி, "பக்கத்து வயல் என்னுதைவிடப் பச்சையா இருந்தா ஊர்ல தலைகாட்ட முடியுமாம்மா?" என்றார். அச்சு அசல் நீங்கள்தான். "ராஜவேலு பயிரு கருகருன்னு நின்னுகினு இருக்குது, இன்னொரு மூட்டை வீசிட்டு வரேன்" என்று கிளம்புவீர்களே!

பொதட்டூர்பேட்டைத் துண்டு ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கியது நம் வீட்டுத் துண்டு மாதிரி இல்லை.

உதயா அக்கா குழந்தைக்குப் பால் கலக்கக் கேன் தண்ணீர் வாங்குங்கள். யூரியா கிணற்றிலும் இறங்கும். நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் அனுப்பச் சொல்ல நினைத்தேன். வேண்டாம் நைனா, சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

படகில் கூப்பிடுகிறார்கள்.

ஷாலினி