ஐந்தாவது சொல்லில் என் மூச்சு

நன்றாகத் தூங்குகிறாய், எழுப்பவில்லை. தூக்கத்திலும் நேற்றைய கோபம் முகத்தில் இருக்கிறது. நாடகத்துக்கு வேஷம் போட மூன்று மணிக்கே வரச் சொன்னார்கள், கிளம்பிவிட்டேன்.

பருப்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கினால் போதும். நாலு மணிக்கு பிளம்பர் வருவார். வாளி கேட்டால் கொடுக்காதே. போன தடவை கொண்டுபோனதே இன்னும் வரவில்லை.

"இருபது பேரு சேந்து பாடுற பாட்டுல நீங்க ஒருத்தர் இல்லேன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்று நேற்றுக் கேட்டாய். சுருக்கென்றது. பதிலை இப்போது எழுதுகிறேன்.

கடைசிப் பாட்டில் ஒரு நீண்ட வரி இருக்கிறது. ஒரே மூச்சில் யாராலும் பாட முடியாது. அதனால் ஆளுக்கொரு இடத்தில் மூச்சு எடுக்கிறோம். பக்கத்தில் நிற்கும் தையல்காரம்மா மூன்றாவது சொல்லில் நிறுத்துவார். நான் விடாமல் பிடித்திருப்பேன். ஐந்தாவதில் நான் நிறுத்துவேன், அவர் பிடித்திருப்பார். கேட்கிறவர்களுக்குப் பாட்டு எங்குமே அறுந்திருக்காது. நான் இல்லையென்றால் அந்த அம்மாவுக்குத் தெரியும். மூச்சு முட்டும்போது தெரியும்.

நேற்று நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகு வீட்டில் குழாய் சொட்டுவது மட்டும்தான் கேட்டது.

டிக்கெட் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. ஆறரைக்கு ஆரம்பம். வருவதானால் சாவியை எதிர்வீட்டில் கொடு.

பி.கு.: நான் பின்வரிசை. முன்னால் எலக்ட்ரீஷியன் மலைபோல் நிற்கிறார், என் நெற்றிதான் தெரியும்.

இன்னொன்று: நீ வராவிட்டாலும் பரவாயில்லை. திரும்பி வந்ததும் முதலில் நான் பேசுகிறேன். அதுவரை நீ மூச்சு எடுத்துக்கொள்.